சிங்கம் போட்ட காலணா: எப்படி அடையாளம் காண்பது, என்ன விலை பெறும்?

சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பும் பழைய காசுப் படங்களில் பெரும்பாலும் இருப்பது 1835ஆம் வருடத்துக் காலணா. "லட்சக்கணக்கில் போகுமாமே?" என்ற கேள்வியும் கூடவே வரும். போகாது. ஆனாலும் எனக்கு மிகவும் பிடித்த காசு அது.

முதலில் அதைத் தேய்க்காதீர்கள். புளி, எலுமிச்சை, பீதாம்பரி எதுவும் வேண்டாம். சேகரிப்பவர்கள் தேடுவதே அந்தக் கரும்பழுப்பு நிறத்தைத்தான். பளபளவென்று தேய்த்த காசைப் பார்த்ததும் கீழே வைத்துவிடுவார்கள். மண் அப்பியிருந்தால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் ஓரிரு நாள் ஊறவிட்டு, துணியில் ஒற்றி எடுத்தால் போதும்.

இனி காசைப் பாருங்கள். ஒரு பக்கம் நடுவில் கேடயம், இருபுறமும் கொடி பிடித்த சிங்கங்கள், அடியில் வருடம். மறுபக்கம் இலை வளையத்துக்குள் 'ஒன் குவார்ட்டர் அன்னா', அதைச் சுற்றி 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி', இரண்டும் ஆங்கில எழுத்தில். ரூபாய்க்கு 64 காலணா என்றிருந்த காலம். 1857, 1858 என்று போட்டவையும் உண்டு. விக்டோரியா ராணியின் உருவம் இருந்தால் 1862 அல்லது அதற்குப் பிந்தையது. நடுவில் துளை இருந்தால் 1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணா.

அடுத்தது எடை. தெரிந்த நகைக்கடையில் கொடுத்தால் ஒரு நிமிட வேலை. கம்பெனிக் காலணாவின் சட்டப்படியான எடை 100 கிரெயின், அதாவது 6.48 கிராம். புழங்கித் தேய்ந்தது கொஞ்சம் குறையும். ஐந்து கிராமோ எட்டு கிராமோ காட்டினால் சந்தேகப்படுங்கள். காந்தத்தில் ஒட்டினால் அது செம்பே இல்லை.

ராமர் பட்டாபிஷேகம், அனுமன் போன்ற உருவங்களோடு 1818, 1616 என்று வருடம் போட்ட 'கம்பெனிக் காசு' பல வீட்டுப் பூஜையறைகளில் இருக்கிறது. தாராளமாகக் கும்பிடுங்கள், காசு கொடுத்து மட்டும் வாங்காதீர்கள். கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. அரிசியை இழுக்கும் செம்புக்காசு என்று எவனாவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

விலையைத் தீர்மானிப்பது வயதல்ல, நிலை. 1835 என்று பொறித்தே பின்னும் பல வருடம் அடித்துத் தள்ளினார்கள். அதனால்தான் இவ்வளவு கிடைக்கிறது. லென்ஸ் வைத்துச் சிங்கத்தின் முகத்தைப் பாருங்கள். கண்ணும் பிடரியும் மழுங்கி மொழுக்கென்று இருந்தால், நான் பார்த்தவரை 50 முதல் 200 ரூபாய்க்குள்தான் கைமாறுகிறது. பிடரி மயிர் இழையிழையாகத் தெரிந்து, இலை நரம்பும் கூர்மையாக இருந்தால் பல மடங்கு கூடும். அப்படிப்பட்டதை நாணயக் கண்காட்சிக்குக் கொண்டுபோய் இரண்டு மூன்று வியாபாரிகளிடம் கேளுங்கள். விளம்பரத்தில் யாரோ கேட்கும் விலை, விற்ற விலை ஆகாது.

விற்றுத் தருகிறேன், முன்பணம் கட்டு என்று ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லி அழைப்பு வந்தால் துண்டியுங்கள். இந்த மோசடி பற்றி அந்த வங்கியே 2021இல் எச்சரித்தது.

வைத்துக்கொள்வதானால் மெத்தென்ற பிவிசி உறை வேண்டாம், நாளடைவில் பச்சைப் பிசுக்கு ஏறும். அட்டைச் சட்டத்தில் போட்டு, ஈரம் படாத அலமாரியில் வையுங்கள். எடுக்கும்போது விளிம்பைப் பிடித்து எடுங்கள்.