மலேரியா என்ற பெயரும் தண்ணீர் டிரம்மும்

மலேரியா என்றால் இத்தாலிய மொழியில் 'கெட்ட காற்று'. சதுப்பு நிலக் காற்றால் வரும் காய்ச்சல் என்று நம்பிய காலத்தில் வைத்த பெயர். 1897-இல் மருத்துவர் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்ட பிறகும் பெயர் மாறவில்லை. நம் ஊரில் முறைக்காய்ச்சல் என்பார்கள்; அதுதான் உதவும் பெயர். ஒருநாள் விட்டு ஒருநாள் குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல் வந்தால் (தினமும் வரலாம்) உடனே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள்.

ராமேஸ்வரம், மண்டபம், தொண்டி பக்கம் கடல்காற்றுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்த வேண்டாம். தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம்மையும் தொட்டியையும் பாருங்கள். மலேரியாக் கொசு முட்டையிடுவது அந்த நல்ல தண்ணீரில்தான். மூடி இல்லையா? பழைய வேட்டியை இறுகக் கட்டுங்கள். வாரம் ஒருமுறை உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்குக் கொசுவும் அங்கே முட்டையிடும்; அதன் முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் சுவரில் ஒட்டியிருக்கும். கழுவிய தண்ணீரைத் தென்னைக்கு விடலாம்.