கரை தெரியாத எட்டு நாள்: பெருங்கடல் கடக்கும் க்ரூஸில் நம்மூர்க்காரர்கள் செய்யும் தவறுகள்

பார்சிலோனாவில் ஏறி மியாமியில் இறங்கும் 14 இரவுக் கப்பல் பயணத்தில் ஏழெட்டு நாள் கரையே கண்ணில் படாது. டிராவல்ஸில் தரும் அட்டவணையில் அந்த நாட்களுக்கு நேரே ‘கடலில்’ என்ற ஒரே சொல்தான் இருக்கும். ‘ஒண்ணுமே இல்லாத நாளுக்கா இவ்வளவு காசு?’ என்று கேட்கத் தோன்றினால் இந்தப் பயணத்தை வாங்காமல் இருப்பதே நல்லது. ஏழு நாளில் ஐந்தாறு ஊர் காட்டும் மத்தியதரைக்கடல் க்ரூஸ் தனியாக இருக்கிறது. பெருங்கடல் கடக்கும் கப்பலில் விற்கிற சரக்கே அந்த ‘ஒண்ணுமில்லாத’ நாட்கள்தான். பெட்டி கட்ட வேண்டாம், காலை ஆறு மணிக்கு பஸ்ஸுக்கு வரிசை நிற்க வேண்டாம். சாப்பிடலாம், நடக்கலாம், படிக்கலாம், கடலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். இதை நேர்த்தியாகக் கெடுத்துக்கொள்ளப் பல வழிகள் உண்டு.

இந்தப் பயணங்கள் ஏன் நடக்கின்றன என்று தெரிந்தால் பாதித் தவறு குறையும். கோடையில் மத்தியதரைக்கடலிலும் குளிர்காலத்தில் கரீபியனிலும் ஓடும் கப்பல்கள் வருடத்துக்கு இரண்டு முறை இடம் மாறியாக வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் கிழக்கே வரும். அக்டோபர், நவம்பரில் மேற்கே போகும். இதைத்தான் ரீபொசிஷனிங் க்ரூஸ் என்கிறார்கள். ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் கப்பல் போயே ஆக வேண்டும் என்பதால் ஓர் இரவுக்கான கட்டணம் குறைவாக விழும். இன்னொரு வகை, 2004இல் ஓடத் தொடங்கிய குயின் மேரி 2 போன்றது. பெருங்கடலைக் கடப்பதற்கென்றே கட்டிய லைனர் அது. சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க் வரை வழக்கமாக ஏழு இரவு. இடையில் ஒரு துறைமுகம்கூடக் கிடையாது.

திசையைப் பார்க்காமல் தேதியை மட்டும் பார்ப்பது

மேற்கே போகும் கப்பலில் ஐந்தாறு இரவுகள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளுவார்கள். அன்றெல்லாம் நாளுக்கு 25 மணி நேரம். கூடுதலாக ஒரு மணி நேரம் தூங்கலாம். கிழக்கே வந்தால் இதற்கு நேர்மாறு, 23 மணி நேர நாட்கள். முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியாது. நான்காம் நாள் காலைச் சாப்பாட்டைத் தவறவிட்டு, இரவு இரண்டு மணிக்குக் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருப்பீர்கள். முதல்முறை போகிறவர்களுக்கு மேற்குத் திசைதான் எங்கள் பரிந்துரை. இன்சுலின் போடுகிறவர்கள் எந்தத் திசையில் போனாலும், கடிகாரம் மாறும் நாட்களில் ஊசி நேரத்தை எப்படி நகர்த்துவது என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆனால் மேற்கே போகும் பருவத்தில் நமக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. அக்டோபர், நவம்பர் என்பது இங்கே வடகிழக்குப் பருவமழைக் காலம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது சென்னை விமான நிலையத்தையே மூட வேண்டியிருந்தது. ஈசிஆரில் 150 கிலோமீட்டர் போய் விமானம் பிடிக்கிற புதுச்சேரிக்காரரும், அதற்கும் தெற்கேயிருந்து கிளம்பும் கடலூர்க்காரரும், கப்பல் ஏறும் நாள் காலையில் ஐரோப்பாவில் இறங்குவதுபோல டிக்கெட் போடுவது சூதாட்டம். மற்ற மாதங்களில் ஒரு நாள் முன்பு போனால் போதும். இந்த இரண்டு மாதங்களில் இரண்டு நாள் முன்பு போய்விடுங்கள். சாதாரண க்ரூஸைத் தவறவிட்டால் அடுத்த ஊரில் போய் ஏறிக்கொள்ள வாய்ப்பிருக்கும். இங்கே அடுத்த ஊர் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கமாகவும் இருக்கலாம்.

விமான டிக்கெட்டைப் போகத் தனியாக, வரத் தனியாக இரண்டு ஒற்றைவழி டிக்கெட்டாக எடுப்பதும் வழக்கமான தவறு. ‘மல்டி சிட்டி’ என்று போட்டு, சென்னை-பார்சிலோனா, மியாமி-சென்னை இரண்டையும் ஒரே டிக்கெட்டாகத் தேடுங்கள். பெரும்பாலும் குறைவாக வரும். கப்பல் கட்டணம் மலிவு என்று மகிழ்ந்து, விமானத்தில் அதைப்போல் இரு மடங்கு விடுகிறவர்கள் உண்டு.

விசா: ஒரே வீட்டில் இரண்டு பாஸ்போர்ட்

புதுச்சேரியில் கணவருக்கு பிரெஞ்சு பாஸ்போர்ட், மனைவிக்கு இந்திய பாஸ்போர்ட் என்பது சகஜம். இருவருக்கும் சேர்த்து புக்கிங் நடக்கும். கணவர் அமெரிக்காவுக்குப் பொதுவாக எஸ்டா (விசா இல்லாமல் போக இணையத்தில் வாங்கும் அனுமதி) போதும் என்று நிம்மதியாக இருப்பார். இந்திய பாஸ்போர்ட்டுக்கு பி1/பி2 என்ற பார்வையாளர் விசா வேண்டும், அதற்கான நேர்காணல் தேதி கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம் என்பது கடைசியில்தான் உறைக்கும். விசா கையில் வந்த பிறகு, பணம் திரும்பாத கட்டணத்தைக் கட்டுங்கள். வரிசையை மாற்றாதீர்கள்.

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவில் வேறு பொறி. பார்சிலோனா, பிறகு மொராக்கோவின் டாஞ்சியர், பிறகு போர்ச்சுகலின் மதீரா தீவு என்று கப்பல் போகிறது என்று வையுங்கள். டாஞ்சியரில் ஷெங்கனை விட்டு வெளியேறி, மதீராவில் மறுபடி நுழைகிறீர்கள். ஒற்றை நுழைவு விசா டாஞ்சியரோடு தீர்ந்துவிடும். இதைப் பார்சிலோனா கவுன்ட்டரிலேயே கண்டுபிடித்து ஏற்ற மறுப்பார்கள், பணமும் திரும்பாது. அட்டவணையை வைத்துக்கொண்டு நுழைவுகளை விரல் விட்டு எண்ணி, விண்ணப்பத்திலேயே பல நுழைவு கேளுங்கள். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் இடைவெளி வேண்டும்.

ஷெங்கனுக்காக எடுக்கும் 30,000 யூரோ மருத்துவக் காப்பீடே கப்பலுக்கும் போதும் என்று நினைப்பதும் தவறு. சில பாலிசிகளில் க்ரூஸ் சேராது. கூடுதல் பிரிவாக வாங்க வேண்டும். ‘மருத்துவ வெளியேற்றம்’ (நோயாளியைக் கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுபோவது) என்ற வரியைத் தேடிப் படியுங்கள். நடு அட்லாண்டிக் ஹெலிகாப்டர் எட்டாத தூரம். கப்பல் மருத்துவமனையில் டாக்டர் இருப்பார், பில்லும் டாலரில் இருக்கும். பிபி, சர்க்கரை இருப்பதை மறைத்து எடுத்த பாலிசி அங்கே உதவாது. கர்ப்பிணிகளுக்கு ஒரு விதி: பயணம் முடிவதற்குள் 24 வாரம் ஆகிவிடும் என்றால் பல நிறுவனங்கள் ஏற்றுவதில்லை.

அணியத்தில் படுத்தால் ஆட்டம் அதிகம்

கடலூர் துறைமுகத்தில் எந்த மீனவரைக் கேட்டாலும் சொல்வார்: வள்ளத்தின் அணியத்தில், அதாவது முன்முனையில், உட்கார்ந்தவன்தான் அதிகம் தூக்கிப் போடப்படுவான். 300 மீட்டர் கப்பலுக்கும் அதே கணக்குதான். அலையில் கப்பல் ஏற்றமரம்போல் முன்னும் பின்னும் ஏறி இறங்குகிறது. நடுப்பகுதி அச்சு, அணியமும் அமரமும் (பின்முனை) நுனிகள். உயரே போகப் போகப் பக்கவாட்டு ஆட்டமும் கூடும். எனவே குமட்டலுக்குப் பயப்படுகிறவர்களுக்கு நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் உள்ள கேபின்தான் சரி. உச்சித் தளத்து முன்பக்க அறையைக் கூடுதல் விலைக்கு வாங்கிவிட்டு வாந்தி எடுப்பானேன்? ‘கேரண்டி’ என்று மலிவாக விற்கும் கேபினில் எந்த அறை என்பதைக் கப்பல்காரர்களே முடிவு செய்வார்கள். ஆட்டம் தாங்காதவர்கள் அதைத் தொடக் கூடாது.

தள வரைபடத்தில் உங்கள் அறைக்கு மேலே என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். நீச்சல்குளத் தளம் என்றால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம். நடன அரங்கம் என்றால் நள்ளிரவு வரை தூக்கம் இல்லை.

காற்றே இல்லையே, கப்பல் ஏன் ஆடுகிறது என்று பலர் குழம்புவார்கள். நம் கடற்கரையில் காற்றில்லாத நாளில் திடீரென்று பெரிய அலை வந்து பாறைகளில் அறைவதைப் பார்த்திருப்பீர்கள். அது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி எங்கோ அடித்த புயல் அனுப்பிய அலை. அட்லாண்டிக்கிலும் அப்படித்தான், வெயில் அடிக்கும், கப்பல் ஆடும். வட அட்லாண்டிக் குளிர்காலத்தில் முரடு. கேனரி தீவுகள் வழியாகத் தெற்கே இறங்கி மேற்கே போகும் பாதையில் வணிகக் காற்று (அங்கே கிழக்கிலிருந்து மேற்காக வீசும் நிலையான காற்று) பின்னாலிருந்து வீசும் என்பதால் ஆட்டம் பெரும்பாலும் மிதம். அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் நவம்பர் 30 வரை என்பதையும் மறக்க வேண்டாம்.

குமட்டல் மாத்திரையை வாந்தி வந்த பிறகு போடுவது வீண், வயிற்றில் தங்காது. நம்மூர் மருந்துக்கடையில் கிடைக்கும் அவோமின் போன்றவற்றை ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே போட வேண்டும். அது தூக்கம் வரவழைக்கும். கண் அழுத்த நோய், புராஸ்டேட் தொல்லை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. மதுவோடு சேர்க்கவே கூடாது.

பால்கனி எடுப்பதானால், மேற்கே போகும்போது இடப்பக்கமும் கிழக்கே வரும்போது வலப்பக்கமும் தெற்கைப் பார்க்கும், வெயில் அங்கேதான். கப்பல் 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் போனாலே மணிக்கு 37 கிலோமீட்டர் காற்று முகத்தில் அடிக்கும். பருத்திச் சட்டையோடு பால்கனியில் காபி குடிக்கும் கனவுக்கு ஒரு விண்ட்சீட்டர் தேவை.

பெட்டிக்குள் போகக் கூடாதவை

குட்டி ரைஸ் குக்கர், தண்ணீர் சுட வைக்கும் காயில், கெட்டில், இஸ்திரிப் பெட்டி. தீ அபாயம் என்பதால் ஸ்கேனரில் பிடித்து எடுத்து வைத்துக்கொள்வார்கள். கடைசி நாள்தான் திரும்பக் கிடைக்கும். நம் மூன்று முள் பிளக் கப்பல் சுவரில் நுழையாது. இரண்டு உருளை முள் கொண்ட சார்ஜர் ஐரோப்பிய சாக்கெட்டில் பொருந்தும். வீட்டு ஊறுகாய்க்கும் பல கப்பல்களில் அனுமதி இல்லை. கடையில் சீல் போட்டு வாங்கிய பாக்கெட் பெரும்பாலும் போகும். அமெரிக்காவில் இறங்கும்போது மீதி இருக்கும் எந்த உணவையும் சுங்க அதிகாரிகளிடம் சொல்லிவிடுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் புக்கிங்கின்போதே ‘இந்திய சைவம்’ என்று பதிவு செய்து, ஏறிய முதல் மாலையே தலைமைப் பரிமாறுபவரைப் பார்க்க வேண்டும். மறுநாளுக்கான சாப்பாட்டை முந்தின இரவே சொன்னால் செய்து தருவார்கள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கேட்டால் பாஸ்தாதான் வரும்.

மருந்து, பாஸ்போர்ட் இரண்டும் கைப்பையில். துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெட்டி கேபினுக்கு வர மாலை ஆகிவிடும். மருந்து பயண நாட்களை விடப் பத்து நாளைக்குக் கூடுதலாக, மூலப்பெயர் (ஜெனரிக் பெயர்) எழுதிய சீட்டோடு.

கடல் நாளைக் கொல்வது

ஏறிய அன்றே கரையிலிருக்கும் வேகத்தில் எல்லா வகுப்பு, எல்லா விளையாட்டு, எல்லா விருந்து என்று பேர் கொடுத்தால் மூன்றாம் நாள் களைத்துப்போவீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு போதும். செல்போனை ஏர்பிளேன் மோடில் போடாமல் விடுவது இதைவிட மோசம். கப்பலின் செல் நெட்வொர்க்கில் தானாக ஒட்டிக்கொண்டு ரோமிங் பில் எகிறும்.

வெளியே பார்க்க நிறைய இருக்கிறது. நம் கிழக்குக் கரையில் சூரியன் கடலிலிருந்து எழும், கடலில் விழாது. இங்கே இரண்டும் உண்டு. துருவ நட்சத்திரம் புதுச்சேரியில் அடிவானத்துக்கு மேலே சுமார் 12 டிகிரி, அதாவது கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஒரு முஷ்டிக்குச் சற்று மேல். பார்சிலோனாவில் அது நாலு முஷ்டி. மியாமி நெருங்குகையில் இரண்டரை. தினமும் அளந்து பாருங்கள், கப்பல் தெற்கே இறங்குவது கையிலேயே தெரியும். பயணத் தேதியை முடிவு செய்யும் முன் பஞ்சாங்கத்தில் அமாவாசையைப் பாருங்கள். நடுக்கடல் நாட்களில் அது விழுந்தால் பால்வழி மண்டலம் தெளிவாகத் தெரியும். பைனாகுலர் 7x50 அல்லது 8x42 போதும் (முதல் எண், எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது). 10 மடங்குக்கு மேல் போனால் கப்பல் ஆட்டத்தில் படம் நடுங்கும். தெற்குப் பாதையில், கீழ்த் தள நடைபாதையில் முன்பக்கமாக நின்றால், நம் மீனவர்கள் கோலா என்று சொல்லும் பறக்கும் மீன்கள் கப்பலுக்குப் பயந்து சிதறிப் பறப்பதைப் பார்க்கலாம்.

வழியில் ஒரே ஒரு ஊர், நடு அட்லாண்டிக்கில் இருக்கும் போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகளில் ஒன்று என்று வையுங்கள், இருந்தால் அதற்காக மட்டும் டிக்கெட் எடுக்காதீர்கள். காற்று பலமாக இருந்தால் கேப்டன் நிறுத்தாமல் போய்விடுவார். துறைமுகக் கட்டணம் மட்டுமே திரும்பும்.

கடைசி இரவு பெட்டியை அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். மறுநாள் போட வேண்டிய துணியையும் அதிலேயே வைத்துப் பூட்டிவிட்டு, காலையில் லுங்கியோடு நிற்பவர் ஒவ்வொரு கப்பலிலும் உண்டு. ஒரு செட் துணியும் செருப்பும் கைப்பையில் இருக்கட்டும். அன்று இரவே கணக்கைச் சரிபாருங்கள்: பணியாளர் டிப்ஸ் பல கப்பல்களில் தலைக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 டாலர், இருவருக்கு 14 இரவுக்கு 420 முதல் 560 டாலர். பிழை இருந்தால் நள்ளிரவுக்கு முன்பே கவுன்ட்டரில் சொல்லிவிடுங்கள். காலையில் அங்கே கப்பல் முழுக்க வரிசையில் நிற்கும். திரும்பும் விமானம் பிற்பகல் ஒரு மணிக்குப் பிறகு இருக்கட்டும்.