'டிக்' சத்தத்தோடு நின்றுவிட்ட எயார்சொஃப்ட் துப்பாக்கி

மருமகனின் மின்சார எயார்சொஃப்ட் துப்பாக்கி (சிறு பிளாஸ்டிக் குண்டுகளைச் சுடும் விளையாட்டுத் துப்பாக்கி), ஹட்டனில் தென்மேற்குப் பருவமழை பிடித்த நாளிலிருந்து, விசையை அழுத்தினால் 'டிக்' என்று மட்டும் ஒலித்தது. வெயில் ஏறிய மதியங்களில் சில குண்டுகள் பாயும். மூடுபனி இறங்கினால் பழைய கதைதான்.

7.4 வோல்ட் லித்தியம் பற்றரி முழுச் சார்ஜில் 8.3 வோல்ட் காட்டியது. பியூஸ் போகவில்லை. மோட்டாரைக் கழற்றிப் பற்றரியோடு நேரே இணைத்ததும் துள்ளிச் சுழன்றது. பற்சக்கரம் தேய்ந்திருக்கும் என்று கடையில் சொன்னதை நான் நம்பவில்லை, ஏனெனில் அது மதியத்தில் மட்டும் குணமாகாது.

விசைச் சுவிட்ச், மின்பாதை தொடர்கிறதா என்று பார்க்கும் மல்டிமீட்டரின் 'பீப்' சோதனையில் ஒழுங்காகவே ஒலித்தது. ஆனால் அச்சோதனையில் ஓடும் மின்னோட்டம் மிகச் சிறியது; மோட்டார் இழுப்பதோ பல அம்பியர். ஆகவே எல்லாவற்றையும் பூட்டி, விசையை அழுத்தியபடியே சுவிட்சின் இரு முனைகளுக்கிடையே அளந்தேன். பூச்சியத்தை ஒட்டி இருக்கவேண்டிய இடத்தில் 5 வோல்ட்டுக்கு மேல் நின்றது; மோட்டாருக்குப் போகவேண்டிய வோல்ட் சுவிட்சிலேயே தொலைந்துகொண்டிருந்தது.

பற்றரியையும் குண்டுப் பெட்டியையும் அகற்றி, குழலில் குண்டு எஞ்சவில்லை என்று பார்த்த பின், சுருள்வில் தெறிக்காதபடி பிடித்துக்கொண்டு கியர் பெட்டியைத் திறந்தேன். செப்புத் தொடுமுனைகள் கறுத்து, ஓரங்களில் பச்சை பூத்திருந்தன. நைசான அரத்தாளால் செம்பு மின்னும்வரை தேய்த்து, ஐசோபுரோப்பைல் அற்ககோலால் துடைத்துப் பூட்டினேன். இப்போது அதே அளவீடு 0.1 வோல்ட், மழையிலும் துப்பாக்கி சுடுகிறது.