வீட்டில் கட்டிய பாய்மரப் படகுக்குக் கீல் பொருத்துவது எப்படி?

படகின் உடல் தயாரா? சரி, இனி கீல் (keel), அதாவது படகின் அடியில் நடுவே கீழ்நோக்கி நிற்கும் கனமான பகுதி. பாயில் அடிக்கும் காற்று படகைப் பக்கவாட்டில் இழுத்துப் போகாமல், கவிழ்க்காமல் பிடித்துக்கொள்வது அதுதான். அந்தப் பாரம் முழுக்கச் சில போல்ட்டுகளில் தொங்குகிறது. அதனால் அவசரமே கூடாது.

ஈயம் அல்லது வார்ப்பிரும்புக் கீலை பிளைவுட் படகில் முடுக்கும் முறை இது. கீலை நிமிர்த்தி, இருபக்கமும் கட்டை முட்டுக் கொடுத்து நிறுத்துங்கள். படகைச் செயின் பிளாக்கில் தூக்கி அதன்மேல் இறக்குவதே சுலபம். தொங்கும் படகின் அடியில் கையை விடவே விடாதீர்கள்.

போல்ட் வெறும் பிளைவுட்டைப் பிடித்து நிற்காது. படகின் உள்ளே கெட்டியான குறுக்குச் சட்டங்கள் இருக்க வேண்டும். 12 மி.மீ. போல்ட்டுக்கு முதலில் 18 மி.மீ. துளை போட்டு, கெட்டியாகக் குழைத்த எப்பாக்சிப் பசையால் அடைத்து, நன்றாக இறுகிய பின் அதன் நடுவில் 12 மி.மீ. துளையிடுங்கள். அப்புறம் மரம் தண்ணீரையே பார்க்காது.

இப்போது சீலன்ட் (இடைவெளியில் தண்ணீர் புகாமல் அடைக்கும் பசை) இல்லாமல் ஒத்திகை. எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. கீலின் மேல்முகத்தில் கலர் சாக்பீஸைத் தேய்த்து, படகை இறக்கி, மறுபடி தூக்கிப் பாருங்கள். படகின் அடியில் திட்டுத் திட்டாக நிறம் ஒட்டியிருந்தால் அந்த இடங்கள் மேடு. உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மறுபடி இறக்குங்கள். முகம் முழுக்க ஒரே சீராக நிறம் பதியும்வரை விடாதீர்கள். ஐந்தாறு முறைகூட ஆகலாம்.

படகை மட்டம் பார்த்து, கீலுக்குத் தூக்குக்குண்டு பிடியுங்கள். கீலின் கீழ்முனையிலிருந்து படகின் இருபக்க விளிம்புக்கும் அளந்தால் ஒரே அளவு வர வேண்டும். முன்முனை, பின்முனை இரண்டிலும் அளந்தால்தான் முறுக்கல் தெரியும்.

இனி பாலியூரித்தேன் சீலன்ட்டைத் தாராளமாகப் பூசி இறக்குங்கள். சிலிக்கான் வேண்டாம், அதன்மேல் பிறகு பெயின்ட்கூட ஒட்டாது. உள்ளே அகலமான தடித்த தகடு வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு மாற்றி மாற்றி நட்டை முடுக்குங்கள். சுற்றிலும் சீலன்ட் பிதுங்கியதும் நிறுத்திவிடுங்கள். அது முழுதாகக் காய்ந்த பிறகுதான் கடைசி முடுக்கு. அப்போது நட் மட்டும் திரும்ப வேண்டும். போல்ட் சுழன்றால் சீலன்ட் பிய்ந்துவிடும்.

தண்ணீரில் இறக்கியதும் உள்ளே ஒவ்வொரு நட்டையும் காய்ந்த துணியால் துடைத்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து ஈரம் கசிகிறதா என்று தொட்டுப் பாருங்கள். முதல் சில பயணங்களுக்குப் பின் எல்லா நட்டுகளையும் மறுபடி ஒருமுறை முடுக்கிச் சரிபாருங்கள்.