அதியமானும் ஔவையும் மேடை ஏறும்போது: பாட்டு வழியே வரலாறு சொல்லித்தரும்போது நடக்கிற தவறுகள்

தர்மபுரிப் பக்கம் பள்ளி ஆண்டு விழா என்றால் அதியமானும் ஔவையும் வராமல் போவது அபூர்வம். அதியமான் ஆண்ட தகடூர், இன்றைய தர்மபுரி, நம்ம ஊர்தானே! நரைமுடி வைத்து, கையில் கோல் கொடுத்து ஒரு சிறுமியை ஔவையாக்கி, நெல்லிக்கனி வாங்க வைத்து, ஆத்திசூடி நாலு வரி சொல்ல வைப்பார்கள். குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஆத்திசூடி ஔவை பல நூற்றாண்டு பிந்தியவர். அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடியவர் சங்க காலத்து ஔவை. புறநானூறு 89ஆம் பாட்டைப் பாருங்கள், அதில் பகை மன்னன் பேசுவது மைதீட்டிய கண்ணும் ஒளிரும் நெற்றியும் கொண்ட ஒரு விறலியிடம், அதாவது ஆடிப்பாடும் பெண்ணிடம்; பாட்டைச் சொல்பவரும் அவர்தான். நரைக்கும் கோலுக்கும் அங்கே இடமே இல்லை.

அடுத்தது குரல். எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் பேச்சுப்போட்டித் தொனியில் முழங்க வைப்பது நமக்குப் பழகிப்போன வியாதி. 95ஆம் பாட்டை எடுத்துக்கொள்வோம். பகை மன்னன் தொண்டைமானின் படைக்கலங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலுள்ள அரண்மனையில் இருக்கின்றன. அதியமானின் வேலோ பகைவரைக் குத்தி முனை சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது. கத்திச் சொன்னால் இது தொண்டைமானுக்குப் பாராட்டு மாதிரிதான் கேட்கும். பணிவான குரலில், ‘இவ்வே’ என்னும்போது எதிரே இருக்கும் ஆயுதங்களைக் கை காட்டி, ‘அவ்வே’ என்னும்போது தொலைவைக் காட்டிச் சொல்லச் சொல்லுங்கள். குத்தல் எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளே பிடித்துவிடுவார்கள். உரையை முதலில் வாசித்துவிட்டால் அந்தச் சுகம் போச்சு. பாட்டை இரண்டு முறை வாய்விட்டுச் சொன்ன பிறகு பொருளுக்கு வரலாம்.

இதே பாட்டில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஔவை தூது போனார், தொண்டைமான் ஆயுதக் கொட்டிலைக் காட்டினான் என்பதெல்லாம் பாட்டின் அடியில் உள்ள குறிப்பு தரும் செய்தி. பாட்டுக்குள் தூது என்ற பேச்சே இல்லை. பாட்டு என்ன சொல்கிறது, குறிப்பு என்ன சொல்கிறது என்று பிரித்துப் பார்ப்பதே வரலாற்றுப் பாடத்தின் பாதி. நெல்லிக்கனிக்கும் அப்படித்தான். பெரிய மலைப் பிளவில் அரிதாகக் கிடைத்த கனி என்று 91ஆம் பாட்டு சொல்கிறதே தவிர, எந்த மலை என்று சொல்லவில்லை.

பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு ‘இதுதான் வரலாறு’ என்று முடிப்பதும் தவறு. திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டில் ‘அதியந் நெடுமாந் அஞ்சி’ என்ற பெயரே இருக்கிறது. அதன் படத்தைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். அதியமான் இறந்தபின் அவன் நடுகல்லுக்குப் பீலி சூட்டிக் கள் படைப்பதைப் பாடும் 232ஆம் பாட்டைச் சொல்லிவிட்டு, தர்மபுரி அருங்காட்சியகத்து நடுகற்களைக் காட்டலாம். ஆனால் அங்கே எழுத்தோடு நிற்கும் கற்களில் பல, சங்க காலத்துக்குப் பிந்தியவை என்பதையும் கூடவே சொல்லிவிட வேண்டும்.

‘பாட்டியிடம் ஒப்பாரி கேட்டுப் பதிவு செய்துகொண்டு வா’ என்று வீட்டுப்பாடம் கொடுக்காதீர்கள். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடுவது ஆகாது என்று நினைக்கும் பெரியவர்கள் நிறைய. தாலாட்டு, நடவுப்பாட்டு, கும்மி போதும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் பாட்டி தெலுங்கிலோ கன்னடத்திலோ பாடினால் அதுவும் இந்த மண்ணின் பாட்டுதான். பிள்ளை பாடிவிட்டுத் தமிழில் பொருள் சொல்லட்டும்.

அப்புறம், சொந்தமாக எழுதச் சொன்னால் பாதி வகுப்பு ‘அதியமானே வாழ்க’ என்று எழுதித் தரும். தலைப்பை மன்னனிடமிருந்து நகர்த்துங்கள். முனை சிதைந்த வேலைச் சரிசெய்யும் கொல்லன் பேசட்டும். ஒரு நாளைக்கு எட்டுத் தேர் செய்யக்கூடிய தச்சன் ஒரு மாதம் உட்கார்ந்து செய்த ஒற்றைச் சக்கரம் 87ஆம் பாட்டில் வருகிறது, அந்தத் தச்சன் பேசட்டும். திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து பார்த்த பிள்ளைகளுக்கு, வருகிற வேடத்தையெல்லாம் கேள்வி கேட்கும் கட்டியங்காரனைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருவன் கட்டியங்காரனாக நின்று, ‘நீ யாரு? எந்த ஊரு? இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?’ என்று மடக்கட்டும். தச்சன் தன் கூலியைச் சொன்னால், அது பாட்டில் இல்லை, தன் கற்பனை என்று அந்த மாணவனே தாளின் ஓரத்தில் குறித்துவைக்க வேண்டும்.