முப்பது வயதான மெர்சிடிஸ் டபிள்யூ 124: பராமரிப்பும் பழுதுநீக்கமும்

மெர்சிடிஸ் பென்ஸ் 1984ஆம் ஆண்டின் இறுதியில் அறிமுகப்படுத்திய டபிள்யூ 124 வகைக் கார், 1995 முதல் புனேயில் டெல்கோவுடனான (இன்றைய டாடா மோட்டார்ஸ்) கூட்டுத் தொழிலில் இந்தியாவிலும் உருவாகி, இ 220 பெட்ரோல், இ 250 டீசல் என்ற பெயர்களில் விற்பனைக்கு வந்தது. இன்று இந்தக் காரைக் குறைந்த விலைக்கு வாங்குபவர்கள் எஞ்சினைப் பற்றியே அதிகம் கவலைப்படுகிறார்கள். உண்மையில் இதன் இரும்புப் பாகங்கள் எளிதில் தேய்வதில்லை; ரப்பர், பிளாஸ்டிக், மின்கம்பியின் மேலுறை ஆகிய மூன்றும்தான் ஆண்டுகள் ஆக ஆக, கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும், கெட்டுப்போகின்றன. ஆகவே கிலோமீட்டர் கணக்கை மட்டும் நம்பாமல், இம்மூன்றின் வயதையும் கணக்கிட்டுப் பராமரிப்பைத் திட்டமிட வேண்டும்.

காரை வாங்கியவுடன், முந்தைய உரிமையாளர் என்ன சொன்னாலும், எல்லாத் திரவங்களையும் ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. எஞ்சின் ஆயிலுக்கு நம் வெப்பநிலையில் தரமான 15டபிள்யூ-40 போதும். டீசல் எஞ்சினில் புது ஆயில் சில கிலோமீட்டர்களிலேயே கறுத்துவிடுவது இயல்பு என்பதால், நிறத்தைப் பார்த்து அதன் தரத்தை முடிவு செய்யக் கூடாது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டாட் 4 வகையை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அப்போதே நான்கு பிரேக் ரப்பர் குழாய்களிலும் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்தான் பெரும்பாலும் அரைகுறையாக மாற்றப்படுகிறது. கீழ்த்தொட்டியின் திருகைக் கழற்றினால் வெளியேறுவது மொத்த ஆயிலில் ஒரு பகுதி மட்டுமே; மீதம், எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டருக்குள் தங்கிவிடும். நான்கு கியர் கொண்ட 722.3, 722.4 வகைகளில் கன்வர்ட்டருக்கும் தனியாக ஒரு வடிகால் திருகு உண்டு. எஞ்சினின் முன்புறக் கிராங்க் போல்ட்டில் 27 மி.மீ. சாக்கெட்டை மாட்டி, எஞ்சின் வழக்கமாகச் சுழலும் திசையிலேயே கையால் மெல்லச் சுற்றினால், கியர்பாக்ஸ் உறையின் அடிப்பகுதியில் உள்ள திறப்பின் நேராக அந்தத் திருகு வந்து நிற்கும். எதிர்த்திசையில் சுற்றவே கூடாது. வடிகட்டியையும் அடைப்பு ரப்பரையும் மாற்றிய பின், கார் நன்கு ஓடிச் சூடான நிலையில், எஞ்சினை அணைக்காமல், கியரைப் பார்க்கிங்கில் வைத்து அளவுகோலைப் பார்க்க வேண்டும். மேல் குறிக்கும் கீழ்க் குறிக்கும் இடையே இருப்பது ஏறத்தாழ 0.3 லிட்டர்தான் என்பதால் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். அளவுகோலைத் துடைக்க நூல் பிரியாத துணியையே பயன்படுத்துங்கள். ஓர் இழை உள்ளே போனாலும் வால்வுகளில் சிக்கிக் கியர் விழுவதைக் கெடுக்கக்கூடும்.

குளிர்விப்பு அமைப்பில் குழாய்த் தண்ணீரோ போர் தண்ணீரோ ஊற்றுவது இந்தக் காருக்குச் செய்யும் பெருந்தீங்கு. உப்புப் படிவு ரேடியேட்டரை அடைப்பதோடு, அலுமினியத்தாலான சிலிண்டர் ஹெட்டையும் அரிக்கிறது. மெர்சிடிஸ் ஒப்புதல் பெற்ற கூலண்ட்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் சரிபாதியாகக் கலந்து ஊற்றுங்கள். போக்குவரத்து நெரிசலில் முள் 100 டிகிரியை ஒட்டி நிற்பது பழுதன்று; அதையும் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ஏசியை நிறுத்தி, காரை ஓரங்கட்டிவிட வேண்டும். இதற்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது, சூடு ஏறும்போது ரேடியேட்டர் ஃபேனை எஞ்சினோடு இணைத்துச் சுழலவைக்கும் விஸ்கஸ் ஃபேன் கிளட்ச்சை. எஞ்சின் சூடாக இருக்கும்போது அணைத்துவிட்டு, ஃபேனைக் கையால் சுழற்றிப் பாருங்கள்: தடையில்லாமல் பல சுற்றுகள் ஓடினால் கிளட்ச் செத்துவிட்டது என்று பொருள். அடுத்ததாக, ரேடியேட்டரின் மேல் ஹோஸ் பொருந்தும் பிளாஸ்டிக் கழுத்தைக் கவனியுங்கள். அது வயதானால் நொறுங்கும் தன்மை அடைந்து, ஒருநாள் எந்த முன்னறிவிப்பும் இன்றி உடைந்துவிடும். அதனால் கூலண்ட் வெளியேறி, அளவுமீறிய சூட்டில் எஞ்சின் ஹெட் வளைந்தால் ஆகும் செலவில் ஒரு புது ரேடியேட்டர் சிறு பங்குதான்.

ஓஎம் 602 வகை டீசல் எஞ்சினில் சாவியைத் திருப்பி எடுத்த பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தால், பதற்றப்பட வேண்டாம். இந்த எஞ்சினை நிறுத்துவது மின்சாரமன்று, வெற்றிட அழுத்தம். சாவித் துவாரத்தின் பின்னுள்ள வால்வு, மெல்லிய குழாய்கள், டீசல் பம்ப்பில் உள்ள டயாஃப்ரம் (வெற்றிடத்தில் அசையும் சவ்வு) ஆகியவற்றில் எங்கோ காற்று கசிகிறது. கையால் இயக்கும் வாக்கியூம் பம்ப்பை ஒவ்வொரு பகுதியிலும் மாட்டிச் சோதித்தால், முள் இறங்கும் இடம்தான் குற்றவாளி. காலையில் ஸ்டார்ட் ஆகத் தாமதமானால், ஸ்டார்ட் செய்யுமுன் எஞ்சினுக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக்குகளை மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். நல்ல பிளக்கின் மின்தடை ஓர் ஓமுக்கும் குறைவாக இருக்கும். பிளக்குகள் சரியாக இருந்தால், ஒளி ஊடுருவும் டீசல் குழாய்களில் காற்றுக் குமிழிகள் தென்படுகின்றனவா என்று பாருங்கள். சில ரூபாய் மதிப்புள்ள ஓ-ரிங்குகளை (ரப்பர் வளையங்களை) மாற்றினாலே தீரக்கூடிய இந்தக் குறைக்காக, டீசல் பம்ப்பையே கழற்றிச் சர்வீஸுக்கு அனுப்ப ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பெட்ரோல் வகையை வைத்திருப்பவர்கள் எஞ்சின் வயரிங்கை முதலில் பார்க்க வேண்டும். 1992க்கும் 1995க்கும் இடையில் தயாரான எம் 111, எம் 104 எஞ்சின்களின் வயர்களில் அமைந்த மேலுறை, எஞ்சின் சூட்டில் காய்ந்து பொடியாக உதிரும். இன்ஜெக்டர் அருகே ஒரு வயரின் வெளிப்புறக் குழலைச் சற்று விலக்கி, மெதுவாக வளைத்துப் பாருங்கள். உறை விரிசல் விட்டால் முழுத் தொகுப்பையும் மாற்ற வேண்டும், ஒட்டுப்போட்டுக் காலத்தைக் கடத்தினால் கட்டுப்பாட்டுக் கணினியும் சேர்ந்து எரிந்துபோகலாம். ஏபிஎஸ் விளக்கு எரிந்து, ஐடிலிங்கும் (ஆக்ஸிலரேட்டரை அழுத்தாதபோது எஞ்சின் சுழலும் வேகம்) ஏறி இறங்கினால், ஓவர் வோல்டேஜ் பாதுகாப்பு ரிலேயைச் சோதியுங்கள். அதன் தலையில் உள்ள ஃபியூஸ் போயிருக்கலாம். ஃபியூஸ் நன்றாக இருந்தாலும் உள்ளே ஈயப்பற்று விட்டிருக்கலாம்.

சஸ்பென்ஷனில் சத்தம் கேட்டால் ஒவ்வொன்றாக மாற்றிப் பணத்தை வீணாக்காமல், காரை லிஃப்டில் ஏற்றி, கடப்பாரையால் நெம்பி ஒவ்வொரு இணைப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். முன்பக்கக் கீழ் பால் ஜாயின்ட்டில் ஆட்டம் இருந்தால் தள்ளிப்போடக் கூடாது. அது கழன்றால் சக்கரம் மடிந்துவிடும். பின்சக்கரம் ஒவ்வொன்றையும் ஐந்து இணைப்புகள் தாங்குவதால் அங்கு புஷ்கள் எனப்படும் ரப்பர் உறைகள் ஏராளம். புது புஷ்களைப் பொருத்தும்போது, காரின் எடை சக்கரங்களில் இறங்கிய பிறகே போல்ட்டுகளை முழுமையாக இறுக்க வேண்டும். லிஃப்டில் சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால், ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். நல்ல பாகத்தைப் போட்டும் சில மாதங்களில் சத்தம் திரும்புவதற்கு இந்தக் கவனக்குறைவே பெரும்பாலும் காரணம் என்பது என் உறுதியான எண்ணம். முன் ஸ்பிரிங்கை மட்டும் வீட்டில் கழற்ற முயலாதீர்கள். அதற்கென்றே உள்ள, சுருளுக்குள் நுழைத்து அழுத்தும் கருவி இல்லாமல் விடுவித்தால் உயிருக்கே ஆபத்து. சக்கர போல்ட்டுகளை 110 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசைக்கு, அதை அளந்து காட்டும் டார்க் ஸ்பானரால் இறுக்குங்கள்.

நின்றிருக்கும்போது ஸ்டியரிங் அதிர்ந்தால் எஞ்சின் மவுண்ட்களையும், வேகமெடுக்கும்போது தரைக்கடியிலிருந்து அதிர்வு வந்தால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் ரப்பர் வட்டுகளையும் நடுத் தாங்கியையும் பார்க்க வேண்டும். பாகங்களை மாடல் பெயர் சொல்லிக் கேட்காமல் சேஸிஸ் எண்ணைக் கொடுத்தே வாங்குங்கள். ரப்பர் பாகங்களில் லெம்ஃபோர்டர் போன்ற தரமான தயாரிப்புகளை விட்டு மலிவானதைத் தேடினால், அதே வேலைக்கு இருமுறை கூலி கொடுக்க நேரும்.

ஏசியில் காற்றைக் குளிர்விக்கும் எவாப்பரேட்டர் கசிந்தால் டேஷ்போர்டு முழுவதையும் கழற்றியாக வேண்டும். இந்தக் காரில் அதுவே மிகவும் நேரம் பிடிக்கும் வேலை. காற்றை உள்ளே திருப்பும் மடல்களை இயக்கும் வாக்கியூம் டயாஃப்ரம்களும் அங்கேயே மறைந்திருப்பதால், அவை வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் அப்போதே மாற்றச் சொல்லி, எவாப்பரேட்டரைப் பொருத்தியதும் டேஷ்போர்டை மூடுமுன் வாயு அழுத்தத்தில் கசிவுச் சோதனை செய்து காட்டும்படி கேளுங்கள்.