மெடிக்கல் கோடிங் வேலைக்குத் தயாராவது எப்படி?

சென்னை, கோவை, திருச்சி கம்பெனிகளில் மெடிக்கல் கோடிங் என்றால் பெரும்பாலும் அமெரிக்க மருத்துவமனைகளின் வேலைதான். அங்கே டாக்டர் எழுதிய சார்ட்டை, அதாவது நோயாளியின் சிகிச்சைக் குறிப்பை, இங்கே வாசித்து, என்ன நோய், என்ன சிகிச்சை என்பதைக் கோட்களாக மாற்றுகிறவர் கோடர். அந்தக் கோட்களை வைத்து இன்சூரன்ஸுக்குக் கிளைம் அனுப்பி, வந்த பணத்தைக் கணக்கில் ஏற்றுவது பில்லிங். பணம் வராத கிளைமுக்காக இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போடுவது ஏஆர் காலிங். அமெரிக்க அலுவலக நேரத்தில் பேச வேண்டும் என்பதால் காலிங்குக்கு இரவு ஷிப்ட். ஆங்கிலம் தடையில்லாமல் பேச வர வேண்டும். கோடிங்குக்குப் பேச்சைவிட வாசிப்பு முக்கியம். நர்சிங், பார்மசி, பிசியோதெரபி, உயிரியல் படித்தவர்களுக்கு முன்னுரிமை உண்டு. எது உங்களுக்கு ஒத்துவரும் என்று முடிவு செய்த பிறகு பயிற்சிக்குப் பணம் கட்டுங்கள்.

கோட் புத்தகத்தைத் திறக்கும் முன் ஒரு மாதமாவது உடற்கூறியலுக்கும் மருத்துவச் சொற்களுக்கும் ஒதுக்குங்கள். கொலெக்டமி என்றால் பெருங்குடலை வெட்டி எடுப்பது. கொலாட்டமி என்றால் கீறித் திறப்பது. கொலாஸ்டமி என்றால் குடலை வயிற்றுச் சுவர் வழியாக வெளியே திறந்து வைப்பது. கண் ஓர் எழுத்தைத் தாண்டினால் அறுவை சிகிச்சையே மாறிவிடும்.

புத்தகங்கள் மூன்று. நோய்க்கு ஐசிடி-10-சிஎம்; அமெரிக்காவில் 2015 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, ஒரு கோட்டில் 3 முதல் 7 எழுத்துகள் வரை வரும். டாக்டர் செய்த வேலைக்கு சிபிடி, 5 இலக்கம். ஆம்புலன்ஸ், ஊசி மருந்து, சக்கர நாற்காலி போன்றவற்றுக்கு ஹிக்பிக்ஸ்.

ஐசிடியில் கோட் தேடும் முறை ஒன்றுதான். முதலில் அகரவரிசைப் பட்டியலில் நோயின் பெயரைப் பிடியுங்கள். பிறகு எண்வரிசைப் பகுதிக்குப் போய், அந்தக் கோட்டுக்கு மேலும் கீழும் உள்ள குறிப்புகளை வாசியுங்கள். பட்டியலில் பார்த்ததை அப்படியே எழுதக் கூடாது. எந்தக் கோட்டை முதலில் போட வேண்டும், எதைச் சேர்த்துப் போடவே கூடாது என்பதெல்லாம் எண்வரிசைப் பகுதியில்தான் இருக்கும்.

ஓர் உதாரணம். சார்ட்டில் டைப் 2 சர்க்கரை நோய் ஒரு வரியிலும், நாட்பட்ட சிறுநீரக நோய் 3ஏ நிலை இன்னொரு வரியிலும் இருக்கிறது. புதியவர் சிக்கலில்லாத சர்க்கரை நோய்க்கான இ11.9 போட்டுவிடுவார். விதிப்படி இந்த இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாகவே கொள்ள வேண்டும். சிறுநீரக நோய்க்குக் காரணம் வேறு என்று டாக்டர் தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் பிரிக்கலாம். ஆகவே சிறுநீரக நோயோடு சேர்ந்த சர்க்கரை நோய்க்கான இ11.22, அடுத்து நிலையைச் சொல்ல என்18.31. நோயாளி நெடுநாளாக இன்சுலின் போடுகிறார் என்றால் இசட்79.4. ரத்தக் கொதிப்பும் இருந்தால் ஐ12.9. சில வரிகளே உள்ள சார்ட்டில் நான்கு கோட் வரலாம்.

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் 'சந்தேகம்'. வெளிநோயாளி சார்ட்டில் 'மாரடைப்பாக இருக்கலாம்' என்று எழுதியிருந்தால் மாரடைப்புக் கோட் போடக் கூடாது; நெஞ்சுவலி என்ற அறிகுறிக்கு ஆர்07.9 போட வேண்டும். உள்நோயாளியாகத் தங்கியவரின் டிஸ்சார்ஜ் குறிப்பில் அதே சொல் இருந்தால், மருத்துவமனைக் கிளைமில் நோய் உறுதியானது போலவே கோட் போடலாம். இதைக் குழப்பினால், வராத நோய் ஒருவரின் பதிவில் ஏறிவிடும். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்.

காயங்களுக்கு வரும் ஏழாவது எழுத்தும் அப்படித்தான். 'ஏ' என்றால் முதல் வருகை என்று பலர் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். தவறு. காயத்துக்கு நேரடிச் சிகிச்சை நடக்கும்வரை எத்தனையாவது வருகையானாலும் 'ஏ'தான். ஆறிவரும் கட்டத்தில்தான் 'டி'.

சிபிடியில் எண்ணிக்கை பார்க்கப் பழகுங்கள். முழங்கால் எக்ஸ்ரே ஒன்று அல்லது இரண்டு கோணம் என்றால் 73560, மூன்று என்றால் 73562, நான்கும் அதற்கு மேலும் என்றால் 73564. எக்ஸ்ரே அறிக்கையின் தலைப்பில் மூன்று என்று இருந்து, உள்ளே இரண்டு கோணங்கள்தான் விவரிக்கப்பட்டிருந்தால் தலைப்பை நம்பி 73562 போடாதீர்கள். மருத்துவமனையில் எடுத்த படத்தைப் பார்த்து டாக்டர் அறிக்கை மட்டும் தந்தால், அவர் கிளைமில் சிபிடி கோட்டோடு மாடிஃபையர் 26 (கூடுதல் விவரம் சொல்லும் இரண்டு இலக்கக் குறி) சேர வேண்டும். அதை விட்டால் இயந்திரத்துக்கான பணத்தையும் அவரே கேட்டதாக ஆகிவிடும். மாடிஃபையர் 25 இன்னும் கவனம் கேட்பது: அதே நாளில் ஒரு சிறு சிகிச்சையும் செய்து, அதைத் தாண்டித் தனியாக நோயாளியைப் பரிசோதித்து முடிவெடுத்த விவரம் சார்ட்டில் இருந்தால்தான் பரிசோதனைக் கோட்டோடு அதைச் சேர்க்கலாம்.

இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுக்கும்போது காரணத்தைச் சொல்லும் டினையல் கோட்களைக் கோடர்களும் படிப்பது நல்லது. தவறு எங்கே போய் முடிகிறது என்று புரியும். சிஓ-11 என்றால் நோயும் சிகிச்சையும் பொருந்தவில்லை. சிஓ-97 என்றால் இன்னொரு சிகிச்சைக்குத் தந்த பணத்திலேயே இதுவும் அடக்கம். சிஓ-29 என்றால் கெடு தாண்டிவிட்டது. முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேருக்குச் சிகிச்சை நாளிலிருந்து ஓர் ஆண்டுதான் கெடு.

சான்றிதழுக்குப் பலரும் எழுதுவது ஏஏபிசி என்ற அமெரிக்கக் கோடர் அமைப்பு நடத்தும் சிபிசி தேர்வு. 100 கேள்வி, 4 மணி நேரம், தேர்ச்சிக்கு 70 சதவீதம். மூன்று புத்தகங்களையும் திறந்து வைத்து எழுதலாம்; கையால் எழுதிய குறிப்பு இருக்கலாம், தாள் ஒட்டக் கூடாது. ஒரு கேள்விக்கு 2 நிமிடம் 24 நொடிதான் கிடைக்கும். புத்தகத்தில் எது எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியாதவருக்கு நேரம் போதாது. விலை குறைவு என்று பழைய ஆண்டுப் புத்தகத்தை வாங்காதீர்கள். அனுபவம் இல்லாமல் தேறினால் பெயருக்குப் பின்னால் சிபிசி-ஏ என்று வரும்; 'ஏ' என்றால் அப்ரெண்டிஸ், பயிற்சி நிலையில் இருப்பவர். இரண்டு ஆண்டு வேலை அனுபவத்தைக் காட்டினால் அந்த 'ஏ' போய்விடும்.

பயிற்சி மையத்தில் சேரும் முன், உண்மையான சார்ட் போன்ற பயிற்சிச் சார்ட்கள் எத்தனை தருவார்கள் என்று கேளுங்கள். வேலை வாங்கித் தருகிறேன் என்று தனியாகப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

வேலையில் நாளுக்கு இத்தனை சார்ட் என்று டார்கெட்டும், பல இடங்களில் 95 சதவீதத் தரமும் கேட்பார்கள். முதல் மாதங்களில் தரத்தைப் பிடியுங்கள். வேகம் தானாக வரும், தவறாகப் பழகிய கை எளிதில் மாறாது. உங்கள் கோட்களைச் சரிபார்க்கும் ஆடிட்டர் திருப்பி அனுப்பும் ஒவ்வொரு பிழையையும், அதற்கான விதியோடு எழுதி வையுங்கள். நோயாளியின் பெயரோ விவரமோ அதில் வரக் கூடாது.

சிபிடி ஜனவரி 1 அன்றும், ஐசிடி அக்டோபர் 1 அன்றும் புதுப்பிக்கப்படும். எந்தப் பதிப்பு என்பதை முடிவு செய்வது நீங்கள் கோட் போடும் நாள் அல்ல. செப்டம்பர் 30 அன்று டாக்டரைப் பார்த்துவிட்டுப் போன வெளிநோயாளியின் சார்ட், அக்டோபர் 5 அன்று உங்கள் கைக்கு வந்தாலும் பழைய கோட்தான்.